கட்டையின் அளவு

அவளுடைய சிக்கல் 1.25 அங்குலம். சுடுதளத்தில் அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ரைபிளின் கட்டை, விசையிலிருந்து தோளில் பதியும் பின்முனை வரை 13.5 அங்குலம் இருந்தது. முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதற்கணு வரை அளந்தபோது அவளுக்கு வந்தது 12.25. இந்த வித்தியாசத்தைத் தீர்க்க அவளுடைய தந்தை ஒன்றரை லட்சம் ரூபாய்ச் சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுக்கத் தயாராக இருந்தார்.

தாராவி 90 அடிச் சாலையிலிருந்து உள்வாங்கிய சந்தொன்றில் அவர்கள் வீடு. தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் ஷாப்பு வேலைக்கு வந்தவர். தோல் பதனிடுதல் இன்று தாராவியை விட்டுப் பெரும்பாலும் போய்விட்டது. தோலைத் தைக்கும் தொழில் நிலைத்திருக்கிறது. தந்தை பைகளும் பெல்ட்டுகளும் செய்யும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அவள் மாட்டுங்காவில் மூன்றாமாண்டு வணிகவியல் மாணவி. தேசிய மாணவர் படையில் சேர்ந்தது, ‘சி’ சான்றிதழ் இருந்தால் வேலைக்கு உதவும் என்று யாரோ சொன்னதால்தான். முகாமில் இஷாப்பூர் தொழிற்சாலையின் .22 ரைபிளைக் கையில் கொடுத்து, குப்புறப் படுக்கவைத்து, 25 கெஜத்தில் ஐந்து தோட்டாக்களைச் சுடச் சொன்னார்கள். ஐந்து துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. சுபேதார் தாளை எடுத்து ஒருமுறை பார்த்தார். மறுபடி ஐந்து தோட்டாக்கள் கொடுத்தார்.

மும்பைக்கு இது புதிய கதை அன்று. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றை எட்டிய அஞ்சலி பாகவத்தும் இந்நகரத்தில் மாணவர் படை வழியாகவே துப்பாக்கியைத் தொட்டவர். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பெயரைத் தாராவித் தமிழ் வீடுகளிலும் அறிவார்கள். ஆனால் அவள் நிற்க விரும்பிய களம் ஏர் ரைபிள் அன்று. 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி. 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிசில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்ற போட்டி அது. அந்நிலைகளில் எந்த இந்தியரும் அதற்குமுன் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியதில்லை. அவர் அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார் என்ற செய்தி, தினமும் சயான் நிலையத்தில் மத்திய ரயில்வே வண்டிக்கு நிற்பவளுக்குப் பதக்கத்தைவிடப் பெரிய செய்தியாகப் பட்டிருக்கக் கூடும்.

மண்டியிட்டு, படுத்து, நின்று என நிலைக்கு இருபதாக அறுபது தோட்டாக்கள். இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், 50 மீட்டர் தொலைவில் ஒரு சுண்டைக்காய். படுத்த நிலையில் அவளுக்கு அது எளிதாக வந்தது. நின்றால் எல்லாம் குலைந்தது. பயிற்சியாளர் மூச்சைப் பார்க்கச் சொன்னார், மனத்தைப் பார்க்கச் சொன்னார், அதிகாலையில் ஓடச் சொன்னார். கட்டையைப் பார்க்கச் சொன்னவர் பின்னால் வந்தார்.

இங்கே சொல்லைப் பற்றிச் சற்று நிற்கலாம். துப்பாக்கி என்ற சொல் துருக்கி வேரிலிருந்து தெலுங்கின் வழியே தமிழுக்கு வந்தது என்பர். சுடுபொறியை இயக்கும் உறுப்புக்குத் தமிழில் ‘குதிரை’ என்றொரு பழைய பெயர் உண்டு; இந்தியிலும் மராத்தியிலும் அது ‘கோடா’, அதுவும் குதிரையே. ஆனால் குழலையும் பொறியையும் தாங்கி, கைக்கும் தோளுக்கும் கன்னத்துக்கும் இடம் தருகிற அந்த மரப்பகுதிக்குத் தமிழில் நிலைத்த கலைச்சொல் ஒன்று அமையவில்லை. இந்திக்காரர் ‘குந்தா’ என்பர், மராத்தியர் ‘தஸ்தா’ என்பர். தமிழ்ச் செய்தித்தாளில் அது எப்போதும் ‘துப்பாக்கிக் கட்டையால் தாக்கினர்’ என்ற தொடரில்தான் தலைகாட்டுகிறது. அதாவது, அதை அடிக்கும் பொருளாகவே மொழி அறிந்திருக்கிறது. சாயும் பொருளாக அறியவில்லை. சுடுதளத்துத் தமிழர்கள் ‘ஸ்டாக்’ என்கிறார்கள். இக்கட்டுரைக்குக் கட்டை என்ற சொல் போதும்.

‘போல்ட் ஆக்‌ஷன்’ என்பது கதவுத் தாழ்ப்பாளின் தத்துவம். கைப்பிடியை உயர்த்தி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி தாழ்த்தினால் அடுத்த தோட்டா அறைக்குள் பூட்டப்படும். எளிமையான, உறுதியான அமைப்பு. நகரும் பகுதிகள் குறைவாக இருப்பதால் துல்லியம் கூடுகிறது. இந்த எந்திரத்தின் உலோகப் பகுதி எந்த உடம்பையும் கணக்கில் கொள்வதில்லை. உடம்பைக் கணக்கில் கொள்ளும் ஒரே பகுதி கட்டைதான். அது நீளமாக இருந்தால் கழுத்து முன்னால் நீளும். நீண்ட கழுத்து இரண்டு நிமிடத்தில் நடுங்கும். கன்னம் பதியும் மேடு தாழ்வாக இருந்தால் தலை மரத்தில் தங்காமல் காற்றில் மிதக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கண் வேறு வேறு இடத்திலிருந்து காட்சித் துளை வழியே பார்க்கும். முன்காட்சிக்கும் பின்காட்சிக்கும் 70 சென்டிமீட்டர் இடைவெளி என்று கொள்ளுங்கள். அவற்றின் ஒழுங்கில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால் இலக்கில் 7 மில்லிமீட்டர் விலகும். சுண்டைக்காயில் பாதிக்கு மேல் போய்விட்டது.

ஆயுதத்தை உடம்புக்கேற்ப அளவெடுக்க வேண்டும் என்பதை ராணுவங்கள் அறியாமலில்லை. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் சுமந்த லீ–என்ஃபீல்டு ரைபிளின் பின்கட்டை நான்கு அளவுகளில் கிடைத்தது: வழக்கமான அளவு, அதைவிட அரை அங்குலம் நீண்டது, அரை அங்குலம் குறைந்தது, ஓர் அங்குலம் குறைந்தது. கடைசி அளவின் பெயர் ‘பாண்டம்’. குள்ளச் சேவலின் பெயர். உயரம் போதாதென்று முதலில் திருப்பியனுப்பப்பட்டு, பிறகு தனிப் பட்டாலியன்களாகச் சேர்க்கப்பட்ட சிப்பாய்களுக்கு முதல் உலகப் போர்க்காலத்தில் வைத்த அதே பெயர். கட்டையின் மேற்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும், சட்டையின் கழுத்துப் பட்டையில் அளவு தைத்திருப்பதுபோல. போருக்கு ஆள் தேவைப்பட்டபோது நான்கு அளவு கிடைத்தது. விளையாட்டுக்கு வந்த பெண்ணுக்கு ஒரே அளவுதான்.

அவளுக்கு வாய்த்தது ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ் நிறுவனத்தின் ‘மேட்ச் 54’ வகையைச் சேர்ந்த, அவளைவிட வயதான ரைபிள். குழலில் குறையில்லை. சங்கத்தின் சொத்து, இன்னும் இரண்டு பேர் அதே ரைபிளில் சுடுகிறார்கள், இருவரும் ஆறடிக்குக் குறையாத ஆண்கள். ஆகவே அதன் கட்டையில் கூட்டலாம், குறைக்கக் கூடாது என்பது விதி. உயரம் கூட்டக் கன்ன மேட்டின்மேல் பஞ்சுப் பட்டையைக் கட்டினாள். நீளத்துக்கு வழியில்லை. தனிக் கட்டை ஒன்று வேண்டும். உலோகப் பகுதியைத் தன் முறை வரும்போது அதில் பூட்டிக்கொள்ளலாம் என்று சங்கத்தில் அனுமதித்தார்கள்.

வீட்டில் கணக்கு தொடங்கியது இங்கேதான்.

முன்னணிச் சுடுநர்கள் கையில் காண்பது அலுமினியக் கட்டை. நீளம், கன்ன உயரம், பிடியின் கோணம் என எல்லாவற்றையும் திருகி மாற்றலாம். ஈரத்துக்கு அசையாது. அது சிறந்ததென்பதில் ஐயமில்லை. விலைதான் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சேமிப்பை விழுங்கும். அதற்கடுத்து, மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அழுத்திய லேமினேட் கட்டைகள். வெளிநாடுகளில் இவை நடுத்தரக் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. ஒட்டுப்பலகை போலவே, ஒரே மரத்துண்டைவிடக் குறைவாக வளையும். கண்ணாடி இழையைக் கையால் அடுக்கிச் செய்பவை நல்லவை, விலையேறியவை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டைகளே மலிவானவை. மலிவானதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது: அவற்றின் முன்பகுதி கையால் அழுத்தினாலே வளையும், வளைந்து குழலைத் தொடும். சுடும்போது குழல் அதிரும். ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அதிர்ந்தால்தான் தோட்டா ஒரே இடத்துக்குப் போகும். ஒருமுறை தொட்டும் ஒருமுறை தொடாமலும் இருக்கும் கட்டை, மனம் மாறிக்கொண்டே இருக்கும் சாட்சியைப் போன்றது. பணம் மிச்சம் என்று அதை வாங்குகிறவர் தோட்டாவில் அதைவிட அதிகம் செலவழிப்பார்.

இவற்றில் எதையும் பெட்டியில் போட்டு வீட்டுக்கு வரவழைக்கும் நாடல்ல இது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லின் வரையறைக்குள் அதன் பாகங்களையும் சேர்த்திருக்கிறது. இறக்குமதிக்கு அனுமதி வேண்டும். 1951இல் தொடங்கப்பட்ட தேசிய ரைபிள் சங்கத்தின் பரிந்துரை, தகுதிப் புள்ளிகள், கோப்புகள். தகுதிப் புள்ளி எடுக்கப் பொருந்துகிற கட்டை வேண்டும், பொருந்துகிற கட்டைக்குத் தகுதிப் புள்ளி வேண்டும். சட்டம் தளர வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஆயுதம் எளிதில் கிடைக்காத நகரத்தில்தான் அவள் இரவு பத்து மணிக்கு 90 அடிச் சாலையில் நடந்து வீடு திரும்புகிறாள். சங்கடம் சங்கடம்தான் என்பதைச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

தந்தை சீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் செம்பூருக்குப் போனாள். செட்டா நகர் முருகன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வாழ்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர், சங்கத்தின் ஆயுத அறைக்கு வாரம் இருமுறை வந்து பழுதுபார்ப்பவர். அவள் நோட்டில் எழுதி வைத்திருந்த விலைகளை அவர் பார்க்கவே இல்லை.

“கையளவு எடுத்தியே, சுடும்போது போடுற ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு எடுத்தியாம்மா?”

எடுக்கவில்லை. கித்தானும் தோலுமாகத் தைத்த அந்தத் தடித்த உடுப்பு தோளில் கால் அங்குலத்தைத் தின்றுவிடும். அப்படியானால் அவளுக்கு வேண்டியது 12.25 அன்று, 12. ரெடிமேட் லேமினேட் கட்டை எதையாவது கணக்குப்போட்டு வாங்கியிருந்தால் கால் அங்குலம் பிசகிய பொருளுக்குக் கடன் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

“பரண்மேல ஒரு கட்டை கெடக்கு. கழுத்துல வெடிச்சது. அதே மாடல்தான். எழுதிக் கொடு, செக்ரெட்டரி தந்துடுவாரு. அதை அறுக்கலாம்.”

வெடித்த கட்டையை வைத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். அவர் சொன்னது வேறு: வெடிப்பு மரத்தின் கழுத்தில்; அறுக்கப்போவது மரத்தின் காலில். கழுத்தைப் பூட்டிவிடலாம். விலை போகாத பொருள் என்பதாலேயே அதில் கைவைக்க முடியும். நல்ல கட்டை யாருக்கும் அறுக்கத் தரமாட்டார்கள்.

வேலை முழுவதும் சங்கத்தின் ஆயுத அறைக்குள்ளேயே, பதிவேட்டில் எழுதி நடந்தது. வெடிப்பைச் சற்றே விரித்து அரால்டைட் செலுத்தி, குறுக்கே துளையிட்டுக் கடினமரக் குச்சி இறக்கி, இரண்டு நாள் இறுக்கிக் கட்டிவைத்தார்கள். பின்முனையில் ஒன்றரை அங்குலம் அறுபட்டது. அறுத்த துண்டை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். உலோகப் பகுதி அமரும் பள்ளத்தில் பழைய மரம் தேய்ந்திருந்தது. அங்கே திருகாணிகளைச் சுற்றி அலுமினியக் குழாய்த் துண்டுகளைப் பதித்து, மிச்சமிருந்த இடைவெளியில் மறுபடியும் பசையை நிரப்பினார். உலோகம் பசையோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதன்மேல் எதையோ தடவினார். அவள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். ஷூ பாலிஷ்.

கன்ன மேட்டுக்குத்தான் தாத்தா வந்தார். அவர் ஆயுத அறைக்குள் வர முடியாது, வரவும் விரும்பவில்லை. அவள் களிமண்ணில் தன் தாடை பதியும் இடத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். பட்டறையில் கிடைத்தது குரோம் தோல். அதைத் தொட்டுப் பார்த்துத் தள்ளிவைத்தார். நனைத்து அழுத்தினால் அது வடிவத்தைப் பிடித்துக்கொள்ளாது. பட்டையில் பதனிட்ட தோல்தான் பிடித்துக்கொள்ளும். ஊரில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் கால் வைத்து நின்ற வயதிலிருந்தே அவருக்கு அது தெரியும். அப்படிப்பட்ட துண்டு ஒன்றை எங்கிருந்தோ தேடி வாங்கி, ஓர் இரவு நனையவைத்து, அவள் கொண்டுவந்த அச்சின்மேல் இழுத்து ஆணியடித்தார். காய இரண்டு நாள் ஆனது.

“ஏட்டி, இதுல கன்னத்த வைச்சா என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது தாத்தா. கண்ணு மட்டும் நேரா இருக்கும்.”

“அதுக்காட்டி ஒன்றர லட்சம்?”

தந்தை பதில் சொல்லவில்லை. சீட்டு தள்ளப்படவில்லை. ஆகமொத்தம் செலவு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதி பசைக்கு.

தாராவியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ‘மலிவான மாற்று’, ‘சமாளிப்பு’ என்ற சொற்களைத் தயாராக வைத்திருப்பார்கள். ஒட்டுப்போட்ட மரம் அலுமினியத்துக்கு இணையாகாது. அந்த ஆர்மரரே அதை முதலில் சொன்னவர். ஆனால் அறுத்ததும் தேய்த்ததும் தைத்ததும் சமாளிப்பு அன்று. அளவெடுத்து, காரணம் அறிந்து செய்த வேலை. விலையுயர்ந்த கட்டையில் திருகாணி செய்யும் வேலையை இங்கே மூன்று பேர் செய்தார்கள். அலுமினியக் கட்டைக்காரர் அடுத்த மாதம் தன் மனம் மாறினால் திருகிக்கொள்ளலாம். இவள் மறுபடியும் செம்பூருக்குப் பேருந்து ஏற வேண்டும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, சிறியதும் அன்று.

ஆறு வாரத்துக்குப் பிறகு நின்ற நிலையில் இருபது தோட்டாக்களுக்கு அவளுடைய புள்ளி 171இலிருந்து 179 ஆனது. மாநில அணியில் இடம்பெற அது போதாது. அவள் அதை அறிவாள். ஆனால் முன்பு நின்று சுட்ட தாள்களில் துளைகள் நான்கு திசையிலும் சிதறியிருக்கும். இப்போது பெரும்பாலும் மேலும் கீழுமாக மட்டும் நீள்கின்றன. மேலும் கீழும் என்றால் மூச்சு. பயிற்சியாளர் முதல் நாளிலேயே சொன்னது. அதைத் திருத்த ஆறு மாதம் ஆகும், ஆனால் இனி திருத்த முடியும்.

ஜூனில் மழை வந்தது. மும்பை மழைக்கு மரம் வீங்கும். தாராவியில் கதவு நிலைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் காலை தோட்டாக்கள் எல்லாம் காரணமின்றி வலப்பக்கம் போயின. அவள் காட்சித் துளையைத் திருகப் போகையில் ஆர்மரர் தடுத்தார். பையிலிருந்து பத்து ரூபாய்த் தாளை எடுத்து, குழலுக்கும் கட்டைக்கும் இடையே நுழைத்து, முன்முனையிலிருந்து பின்னோக்கி இழுக்கச் சொன்னார். நான்கு விரற்கடை போய், இடப்பக்கத்தில் தாள் சிக்கியது.

அவள் உலோகத்தைக் கழற்றிப் பதிவேட்டில் வைத்துவிட்டு, உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து இழுப்பு தேய்த்தாள்; பூட்டிப் பார்த்தாள், சிக்கியது. இன்னும் ஐந்து. தேய்த்த வெள்ளை மரத்தின்மேல் ஈரம் ஏறாமலிருக்க ஆளிவிதை எண்ணெயை விரலால் பூசினாள். வெளியே அடுத்த முறைக்காரர் ரைபிளுக்காகக் காத்திருந்தார். மறுபடி பூட்டினாள். தாள் பள்ளம் முழுவதும் ஓடி, பின்முனையில் அவள் கையிலேயே வந்து நின்றது.